கலியாண அட்டையும் கட்டைத் தோட்டாவும்

அம்மா பாதித் தேங்காயை அந்த இரும்புச் சாமானின் வாயில் வைத்து, ஒரு கையால் அழுத்திக்கொண்டு மற்றக் கையால் கைப்பிடியைச் சுற்றினார். தேங்காய் சுற்றியது. பூ விழவில்லை. இன்னும் அழுத்திச் சுற்றினார். தேங்காய் இன்னும் வேகமாகச் சுற்றியது. கீழே வைத்திருந்த கோப்பையில் ஒரு சொட்டுத் தண்ணீர் மட்டும் விழுந்தது.

"என்னடி இது, பல்லில்லாத துருவி? ஆர் உங்களுக்கு உந்தச் சாமானை வித்தது?"

நான் அரிசி கழுவிக்கொண்டு நின்றேன். திரும்பிப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். சிரித்திருக்கக் கூடாது. அண்ணை போய்ச் சில மாதங்கள்தான். அந்த வீட்டில் இனிச் சிரிப்பதில்லை என்று அம்மாவும் நானும் பேசிக்கொள்ளாமலே முடிவுகட்டி வைத்திருந்தோம்.

"அது துருவி இல்லை அம்மா."

"மேசையில பூட்டிச் சுத்துறது துருவி இல்லாமல் வேற என்ன?"

"தோட்டா செய்யிறது."

"என்ன தோட்டா?"

"துவக்குத் தோட்டா."

அம்மா கையை எடுத்தார். தேங்காய் தானாக அரைச் சுற்றுச் சுற்றி நின்றது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததைப் பக்கத்து வீட்டு ஹெயிட்டிக்காரர்கள் சுவரில் தட்டி நிறுத்தச் சொன்னார்கள். மொன்ட்ரியால்-நோரில் சுவர்கள் மெல்லியவை. நாங்கள் தும்மினால் அவர்கள் அங்கேயிருந்து வாழ்த்துவார்கள்.

"துவக்குக்குப் பயந்துதானேடி உங்களைத் தூக்கிக்கொண்டு இஞ்ச வந்தனான்! என்ர குசினிக்குள்ள, என்ர சோத்துப் பானைக்குப் பக்கத்தில, தோட்டா செய்தவனோ?"

"துவக்கு இஞ்ச இல்லை அம்மா. ரெஜான் வீட்டில. பூட்டித்தான் கிடக்கு."

"உனக்கும் தெரியுமோ?"

தெரியும். தோட்டாவுக்கு அட்டை வெட்ட உதவினதே நான்தான். ஆனால் அதை அன்றைக்குச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்லி அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப எனக்கு விருப்பமில்லை.

கறிக்குள் கிடந்த கல்

அண்ணையின் பெயர் கஜன். ஒரு மாசி மாதம் வேலைக்குப் போகும் வழியில், மெட்ரோப் படியில், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு இருந்தவர் எழும்பவில்லை. அதை இந்தத் தொடரில் முன்னமே எழுதிவிட்டேன். இன்னொரு தரம் எழுத என்னால் முடியாது. இந்தக் கிழமை துவக்கைப் பற்றி மட்டும்.

அண்ணை டவுன்டவுனில் ஒரு சாப்பாட்டுக் கடையின் குசினியில் வேலை செய்தார். அங்கே இறைச்சி வெட்டுகிறவர் ரெஜான். இல்-பிசாரில் வீடு, பெரிய வயிறு, அதைவிடப் பெரிய மீசை. ரெஜானின் அப்பா விட்டுப்போன பழைய இரட்டைக்குழல் துவக்கு ஒன்று இருந்தது. ரெஜானிடம் புதிதாக வேறொன்று இருந்தபடியால் பழையதை அண்ணைக்குக் கொடுத்துவிட்டார். அண்ணை அதற்கென்று வகுப்புக்குப் போய், சோதனை எழுதி, லைசன்ஸ் எடுத்து, தன் பெயரில் பதிந்தார். இதெல்லாம் அம்மாவுக்குத் தெரியாது. அம்மாவைப் பொறுத்தவரை இலையுதிர் காலத்து ஞாயிற்றுக்கிழமைகளில் தன் மகன் மீன் பிடிக்கப் போகிறான்.

மீன் ஒருநாளும் வரவில்லை. இறகு பிடுங்கிய காட்டுக்கோழிதான் வந்தது.

"மீன் எங்கயடா?"

"கடிக்கேல்லை அம்மா. ரெஜான் பாவம் பாத்து ஒரு கோழி தந்தவர்."

அம்மா கறி வைப்பார். சாப்பிடும்போது கடவாய்ப் பல்லில் டக்கென்று ஏதோ படும். எடுத்துப் பார்த்தால் சின்னக் கறுப்பு உருண்டை. ஈயச் சன்னம். அம்மா அதை விரலில் வைத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுவார்:

"கனடாக் கோழியள் கல்லுத் தின்னுதுகள் போல."

அண்ணை தண்ணீர் குடிக்கிற மாதிரி முகத்தைக் கோப்பைக்குள் ஒளித்துக்கொள்வார். நான் மேசைக்குக் கீழே அவரின் காலை மிதிப்பேன்.

ஏன் கட்டை

இதை விளக்காவிட்டால் மிச்சம் விளங்காது. எனக்கு எட்டாம் வகுப்புக்கு மேல் படிப்பில்லை. ஊரில் ஓடிக்கொண்டே இருந்ததில் பள்ளிக்கூடம் பின்னால் தங்கிவிட்டது. இங்கே வந்ததும் பிரெஞ்சு வகுப்பில் இருத்தினார்கள். பிரெஞ்சு கதைக்கப் பழகினேன். எழுதச் சொன்னபோது மேசையில் பூப் படம் கீறிவிட்டு மஃபின் கொம்பனிக்கு வேலைக்குப் போய்விட்டேன். அதனால் எனக்கு விளங்கின மாதிரித்தான் சொல்லுவேன்.

துவக்கில் தோட்டா போய் இருக்கிற இடம் ஒன்று உண்டு. பழைய துவக்குகளில் அந்த இடம் கட்டை. இப்போது கடைகளில் விற்கிற தோட்டா நீளம். வெடிக்கும்போது தோட்டாவின் வாய் விரிய வேண்டும். கட்டையான இடத்துக்குள் நீளமானதைப் போட்டால் விரிய இடமில்லாமல் எல்லாம் பின்பக்கம் அடிக்கும். பின்பக்கம் என்றால் சுடுகிறவரின் முகம்.

அதனால் அண்ணை மற்றவர்கள் சுட்டுப்போட்ட கோதுகளைப் பொறுக்கி வந்து, கட்டையாக வெட்டி, வீட்டிலே புதிதாக அடைப்பார். அடியில் வெடிமருந்து. மருந்துக்கு மேலே மொத்தமான, அதாவது தடித்த, அட்டை வட்டம். அதற்கு மேலே கம்பளி வட்டம். பிறகு சன்னம். கடைசியாக மூடி மாதிரி மெல்லிய அட்டை வட்டம். அந்த மேசைச் சாமானில் வைத்துக் கைப்பிடியைச் சுற்றினால் கோதின் விளிம்பு உள்ளே உருண்டு மடிந்து, மூடியைப் பிடித்துக்கொள்ளும். ரொட்டி ஓரத்தை மடித்து விடுகிற மாதிரி. மருந்து மட்டும் ரெஜான்தான் வந்து அளப்பார். வேறு யாரும் தொடக்கூடாது என்பது அவரின் சட்டம். அம்மா கோயிலுக்குப் போகிற நேரம்தான் இந்தத் தொழிற்சாலை நடக்கும்.

சரி, அட்டை எங்கேயிருந்து?

எங்கள் ஆட்கள் கலியாண அட்டையைக் குப்பையில் போடமாட்டார்கள். முன்பக்கத்தில் பிள்ளையார் இருப்பார். பிள்ளையாரைக் குப்பையில் போடலாமா? அதனால் ஒவ்வொரு வீட்டிலும் கலியாணம், சாமத்தியவீடு, குடிபூரல் என்று வந்த அட்டைகள் எல்லாம் பெட்டிபெட்டியாகக் கிடக்கும். எங்கள் வீட்டில் அலுமாரிக்கு மேலே கூரை முட்ட இருந்தது. வெல்வெட் ஒட்டியது, பொன் எழுத்துப் போட்டது, திறந்தால் நாதஸ்வரம் வாசிக்கிறது. அண்ணைக்கு அதைப் பார்த்ததும் கண் மின்னியது.

"சுதா, உலகத்தில இதைவிட நல்ல அட்டை கிடையாது. ஆனா பிள்ளையாரில கை வைக்கப்படாது, என்ன?"

நாங்கள் பிள்ளையாரில் கை வைக்கவில்லை. பிள்ளையாரைச் சுற்றியிருந்த மாப்பிள்ளை, பொம்பிளை, அவர்களின் தாய் தகப்பன், மண்டபத்தின் விலாசம், எல்லாவற்றையும் வட்டம் வட்டமாக அடித்து எடுத்தோம். ரெஜானுக்கும் அண்ணைக்கும் ஒரு விளையாட்டு இருந்ததாம். சுட்டு முடிய வயலில் விழுந்த வட்டங்களைப் பொறுக்கி, அண்ணை அவருக்கு வாசித்துக் காட்டுவார். "இது நல்லூர் முருகேசு. இவர் பின்னேரம் அஞ்சு மணி."

மிசியே காஸ்தோன்

தேங்காய்ச் சண்டை நடந்து கொஞ்ச நாளில் ரெஜான் டெலிபோன் எடுத்தார். துவக்கு கஜனின் பெயரில் இருக்கிறது, இனி லைசன்ஸ் உள்ள யாரோ ஒருவரின் பெயருக்கு மாற வேண்டும், யாருக்கு என்று அம்மாதான் சொல்ல வேண்டும் என்றார்.

அம்மா யோசிக்கவே இல்லை. "ஆருக்கெண்டாலும் குடுத்துத் துலைக்கச் சொல்லு."

ரெஜான் தனக்கு எடுப்பார் என்று நான் நம்பியிருந்தேன். அவர் தன்னால் முடியாது என்றார். அதைத் திறந்து பார்க்கிற ஒவ்வொரு தரமும் தொண்டை அடைக்கிறதாம். அதனால் ஓர் ஆளைப் பிடித்தார். காஸ்தோன். லவாலுக்கு அங்கால் சோள வயல் வைத்திருக்கிற, எப்போதும் கையில் கோப்பிக் கோப்பையோடு நிற்கிற மனுசன். அவருக்குச் சுடுகிற எண்ணம் இல்லை. குழல்களை அடைத்துச் சுவரில் தொங்கவிடப் போகிறாராம். அவர் வீட்டுச் சுவரில் ஏற்கெனவே ஒரு றப்பர் மீன் இருந்தது. பொத்தானை அமத்தினால் தலையைத் திருப்பிப் பாட்டுப் பாடும். அந்த நாட்களில் இந்த நாட்டில் எல்லாரிடமும் அந்த மீன் இருந்தது. ஏன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்குப் பக்கத்தில்தான் என் அண்ணையின் துவக்கு.

ரெஜானிடம் கேட்டேன்: "ஒரு தரம் சுட்டுப் பார்க்கலாமா? நான் அதன் சத்தத்தைக் கேட்டதே இல்லை."

அண்ணை என்னை ஒருநாளும் கூட்டிப் போனதில்லை. அடுத்த வருஷம், அடுத்த வருஷம் என்பார்.

அண்ணை அடைத்த தோட்டா ஒன்றுகூட மிச்சமில்லை. கோதுகள் ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தன. புதிதாக அடைக்க வேண்டும். அம்மா கோயிலுக்குப் போன நேரம் ரெஜான் வந்து மருந்தை அளந்தார். அளந்து முடிந்ததும் அதை மூடிப் பையில் வைத்துவிட்டு, பல்கனிக்குச் சிகரெட் பிடிக்கப் போனார். மிச்சத்தை நான் அடைத்தேன்.

இங்கேதான் நான் கெட்டிக்காரியானேன்.

மொத்த அட்டை எல்லாம் வெல்வெட்டும் பொன் எழுத்துமாக அவ்வளவு வடிவு. அதைப் போய் ஒருவருக்கும் தெரியாமல் அடியில் புதைப்பதா? அண்ணையின் துவக்குக்குக் கடைசித் தோட்டாக்கள். வடிவாக இருக்க வேண்டாமா? அதனால் மொத்தத்தை மேலே மூடியாக வைத்தேன். மெல்லியதை அடியில் போட்டேன். சுற்றி மடித்தேன். சிவப்பு வெல்வெட்டில் பொன் குத்துவிளக்கு. நகைப்பெட்டி மாதிரி இருந்தது.

ரெஜான் உள்ளே வந்து பார்த்து, "ஓ, செ போ!" என்று அதன் வடிவை மெச்சினார். அவருக்குத் தெரிந்தது மேல் பக்கம் மட்டும்தானே.

எப்ப சுடப்போறியள்

சனிக்கிழமை அம்மாவும் வந்தார். "என்ர கண்ணால பாக்கவேணும் அது போறதை. இல்லாட்டிப் பேந்து பின்கதவால வந்திடும்" என்றார்.

காஸ்தோனின் வயலில் சோளம் வெட்டி முடிந்து அடிக்கட்டைகள் மட்டும் நின்றன. அம்மா ரெஜானின் வாகனத்தை விட்டு இறங்கவில்லை. காதுக்குள் பஞ்சு, அதற்கு மேலே கம்பளித் தொப்பி, அதற்கு மேலே சால்வை, யன்னல் கண்ணாடியும் ஏற்றியாயிற்று. தலை ஒரு பொட்டலம் மாதிரி இருந்தது.

நான் துவக்கைப் பிடித்தேன். பாரமாக இருந்தது. மரப் பிடியில் அண்ணையின் கன்னம் பட்ட இடம் மினுங்கியது. ரெஜான் எனக்குப் பின்னால் நின்று என் தோளைச் சரிசெய்தார். காஸ்தோன் கோப்பி குடித்தார். நான் மூச்சை இழுத்து, கண்ணை மூடி, விசையை அமத்தினேன்.

புஸ்க்.

அவ்வளவுதான். சளி பிடித்த குழந்தை மூக்குச் சீறினதுபோல. குழல் வாயிலிருந்து ஒரு சோம்பல் புகை வந்தது. சன்னங்கள் கொஞ்சத் தூரம் போய், களைத்து, பொலபொலவென்று நிலத்தில் விழுந்தன. ஒரு காகம் சோளக் கட்டையில் இருந்து எங்களைப் பார்த்தது. பறக்கவில்லை.

அம்மா கண்ணாடியை இறக்கி, பஞ்சை எடுத்துவிட்டுக் கேட்டார்: "எப்ப சுடப்போறியள்? குளிருது."

"சுட்டாச்சு அம்மா."

ரெஜான் பாய்ந்து துவக்கை வாங்கித் திறந்து குழலுக்குள் பார்த்தார். வெளிச்சம் தெரியவில்லை. ஏதோ உள்ளே இறுகியிருந்தது. "இதோடு இன்னொன்று சுட்டிருந்தால் குழல் வெடித்திருக்கும்" என்றார். நீளத் தடியால் தள்ளித் தள்ளி வெளியே எடுத்தார். முதலில் கம்பளி வட்டம் வந்தது. பின்னால் கருகின மெல்லிய அட்டை ஒன்று. அதில் எழுத்து இருந்தது. என்னிடம் நீட்டினார்.

"திருநிறைச்செல்வன்" என்று வாசித்தேன்.

மாப்பிள்ளை குழலுக்குள் இறுகிவிட்டார்.

அம்மா இறங்கி வந்து அதை வாங்கினார். அட்டை எங்கேயிருந்து வந்தது என்று கேட்கப் போகிறார். அம்மா அதை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார்.

"உது தவத்தின்ர பெடியன்ர கலியாணம். அண்டைக்குச் சோறும் காணாது. அட்டையும் உப்பிடித்தான், ஊதினாப் பறக்கும்." பிறகுதான் விளங்கியது. "எடியே! என்ர பெட்டியளையோடி வெட்டினனீங்கள்?"

நான் பதில் சொல்லுவதற்கு முன் காஸ்தோன் சிரிக்கத் தொடங்கினார். கோப்பி கையில் சிந்தச் சிந்தச் சிரித்தார். சுடுகிறது என்று வைத்த ஒரு சாமான் தும்முவதை இன்றைக்குத்தான் கண்டேன் என்றார். இது வேட்டைத் துவக்கே இல்லை, நான் முதலே சொன்னேன், சுவருக்கென்றே பிறந்தது, என் மீன் இதைவிடப் பலமாகச் சத்தம் போடும் என்றார். பிறகு "புஸ்க்" என்று தானும் செய்து காட்டினார்.

"என்ன சொல்லுறான்?"

"ஒண்டுமில்லை அம்மா."

"சிரிக்கிறானெல்லோ. என்னைப் பாத்தோ?"

"இல்லை. துவக்கைப் பாத்து."

"கஜன்ர சாமானைப் பாத்தோ?"

"ஓம்."

அம்மா சால்வையைச் சரிசெய்தார். காஸ்தோனை மேலும் கீழும் பார்த்தார். சந்தையில் பழுதான மீனைப் பார்க்கிற பார்வை.

"வாற சனிக்கிழமை திரும்பி வாறம் எண்டு சொல்லு. அதுமட்டும் ஒருத்தரும் ஒண்டும் கொண்டுபோகேலாது."

மொத்தமும் சேர்ந்து வாழுறவையும்

அடுத்த நாள் அம்மா கோயிலுக்குப் போகவில்லை. கதிரையில் ஏறி எல்லாப் பெட்டிகளையும் இறக்கினார். குசினி மேசை மறைந்தது.

ஒவ்வொன்றாக எடுத்து விரித்தார். ஒவ்வொன்றிலும் ஓட்டை. பிள்ளையார் பத்திரமாக இருந்தார். அவரைச் சுற்றி எலி தின்ற மாதிரி வட்டம் வட்டமாகக் குடும்பங்களைக் காணவில்லை. அம்மா ஓர் ஓட்டைக்குள்ளால் என்னைப் பார்த்தார்.

"சாந்தி அக்காவின்ர மகளின்ர. பொம்பிளையைக் காணேல்லை."

"அண்ணைதான்..."

"அதுதான் அந்தக் கலியாணம் முறிஞ்சது."

"அது முறிஞ்சது போன வருசம் அம்மா, இது வெட்டினது..." சொல்லி முடிக்கவில்லை. அது வெட்டினதும் போன வருஷம்தான். எனக்கே கொஞ்சம் பயமாகிவிட்டது.

அம்மா ஏசுவார் என்று காத்திருந்தேன். அவர் அந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓட்டையின் விளிம்பை விரலால் தடவினார்.

"வடிவா வெட்டியிருக்கிறான். பிசிறில்லை."

அதோடு கதை மாறிவிட்டது.

பின்னேரம் ரெஜான் வந்தார். மிஞ்சிக் கிடந்த என் நகைப்பெட்டித் தோட்டா ஒன்றை மெதுவாக வெட்டிப் பிரித்து, அம்மாவுக்கு முன்னால் வரிசையாக வைத்தார். மெல்லியதைத் தூக்கிக் காட்டி, மருந்தின் காற்று இதைத் தாண்டி ஓடிவிட்டது என்றார். கஜன் மொத்தத்தை அடியில் வைப்பான், காற்றைப் பிடித்துத் தள்ள. மெல்லியது மேலே, சும்மா மூடிக்கு. நான் மொழிபெயர்த்தேன். என் பங்கை மொழிபெயர்க்காமல் விட்டிருக்கலாம். விடவில்லை.

"ஏன் மாத்தி வைச்சனீ?"

"வெல்வெட் வடிவா இருந்தது."

"சுடுறதுக்கோ, பொன்னுருக்கலுக்கோ?"

தாலிக்குப் பொன் உருக்குகிற சடங்கு ரெஜானுக்கு விளங்கவில்லை. ஆனாலும் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். இரண்டு பேரும் ஒரு கட்சியாகிவிட்டார்கள்.

பிறகு அம்மா அட்டை தெரிந்தெடுத்தார். ஒவ்வொன்றையும் காதுக்குப் பக்கத்தில் பிடித்து வளைப்பார். டக் என்றால் மொத்தம். சரக் என்றால் மெல்லிசு. எந்தக் குடும்பம் எந்த மண்டபத்தில் என்ன சாப்பாடு போட்டது என்பதும் சேர்ந்து வரும்.

"இது பிரொசாட்டில இருக்கிற ஆக்கள். மொத்தம். மூண்டு கறி, பாயாசம்."

"இது?"

"அவை இப்ப ஒண்டா இல்லை. வேண்டாம்."

"அம்மா, அட்டைக்கு அது தெரியுமே?"

"உனக்கென்னடி தெரியும்? பிரிஞ்சவையின்ர அட்டையைப் போட்டு அது திருப்பி உள்ளுக்க இறுகினா? சேந்து வாழுறவையின்ர மட்டும் எடு."

மொத்தமாகவும் இருக்க வேண்டும், சேர்ந்தும் வாழ வேண்டும். மொன்ட்ரியால் முழுக்கத் தேடினோம் என்றுதான் சொல்ல வேண்டும். சந்தேகம் வந்த ஒரு குடும்பத்துக்கு அம்மா டெலிபோனே எடுத்தார். "சும்மாதான் எடுத்தனான். மருமகன் வீட்டில நிக்கிறாரோ?" என்று கேட்டுவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு என்னிடம் சொன்னார்: "நிக்கிறார். வெட்டு."

ரெஜான் மருந்தை அளந்தார். இந்த முறை சிகரெட்டுக்குப் போகவில்லை. அம்மா பக்கத்தில் நின்று, நான் வைக்கிற ஒவ்வொரு வட்டத்தையும் பார்த்தார். "மொத்தம் கீழ. ம். கம்பளி. ம்." கடைசியில் கைப்பிடியைச் சுற்ற வேண்டிய நேரம் என்னைத் தள்ளிவிட்டுத் தானே சுற்றினார். அவர் கைக்கு அது பழகின வேலை. கோதின் வாய் சீராக மடிந்தது. ரெஜான் வாங்கிப் பார்த்தார். அம்மாவிடம் அடுத்ததை நீட்டினார்.

அம்மாவுக்குப் போட்ட தேத்தண்ணீர் குடிக்காமலே ஆறிப்போனது. அவர் கண் துடைத்ததை நான் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

சோளக் கட்டைகளுக்குள்

சனிக்கிழமை அம்மா பஞ்சு வைக்கவில்லை. தொப்பியையும் கழற்றிவிட்டார். வாகனத்தை விட்டு இறங்கி, வயலுக்குள் வந்து நின்றார்.

"நீ சுடவேண்டாம். ரெஜான் மிசியே சுடட்டும். நீயும் நானும் கேப்பம்."

காஸ்தோன் ஓரத்தில் கோப்பியோடு நின்றார். துவக்கைச் சுற்றிக் கொண்டுபோக ஒரு போர்வையும் கொண்டுவந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் "புஸ்க்?" என்றார். அம்மா அவரின் பக்கம் திரும்பவில்லை.

ரெஜான் ஒரு தோட்டாவைப் போட்டார். மூடினார். தோளில் வைத்தார். காகத்தைக் காணவில்லை. அது எங்களைவிட விவரமானது.

வெடித்தது.

நான் நினைத்த சத்தம் இல்லை அது. வயலின் அந்தப் பக்கத்து மரங்கள் வரை போய், அடித்துத் திரும்பி வந்து, நெஞ்செலும்புக்குள் புகுந்தது. அடுத்ததாக எனக்குத் தெரிந்தது மண் மணம். நான் குப்புறப் படுத்திருந்தேன். கை இரண்டும் தலைக்கு மேலே. எப்போது விழுந்தேன் என்று தெரியாது. பக்கத்தில் அம்மாவும் அதே மாதிரிக் குப்புற. பல வருஷம் கழித்தும் நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விழுந்திருந்தோம். யாரோ சொல்லித்தந்து ஒத்திகை பார்த்த மாதிரி.

ரெஜான் திரும்பிப் பார்த்தார். இரண்டு பொம்பிளைகளும் நிலத்தில். அவரின் மீசை வெள்ளையாகப் போனதை நான் கண்டேன். துவக்கைத் திறந்து, வெறுமை என்று பார்த்து, வாகனத்தில் வைத்துவிட்டு ஓடி வந்தார். கிட்ட வந்ததும் நின்றார். எங்கள் கைகள் இருந்த விதத்தைப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு, அந்தப் பெரிய வயிற்றோடு, மூச்சு வாங்க வாங்க, சோளக் கட்டைகளுக்குள் அம்மாவுக்குப் பக்கத்தில் தானும் படுத்தார்.

"இந்தாள் ஏன் படுக்குது?" அம்மா மண்ணுக்குள்ளிருந்து கேட்டார்.

ரெஜானே சொன்னார். கஜனும் முதல் நாள் இப்படித்தான் படுத்தானாம். என்ன செய்வது என்று தெரியாமல் தானும் பக்கத்தில் படுத்தாராம். வெகு நேரம் அப்படியே கிடந்து, பிறகு இரண்டு பேரும் சிரித்தார்களாம்.

நான் அம்மாவுக்குச் சொன்னேன். அம்மாவின் முதுகு ஏறி இறங்கியது. பிறகு கேட்டார்.

"பேந்து?"

நான் ரெஜானிடம் கேட்டேன். "பிறகு எழும்பி இன்னொரு தரம் சுட்டான்" என்றார்.

"எழும்பினவனாம் அம்மா. திருப்பிச் சுட்டவனாம்."

"விசரன்" என்றார் அம்மா. அப்படிச் சொல்லிவிட்டுச் சிரித்தார். முகம் முழுக்க மண். மூக்கிலிருந்தும் கண்ணிலிருந்தும் தண்ணீர். அதைப் பார்த்து எனக்கும் வந்தது. ஏன் என்று தெரியாமல் ரெஜானும் சிரித்தார். அவரின் வயிறு நிலத்தில் இடித்து இடித்துச் சத்தம் போட்டது.

காஸ்தோன் போர்வையைக் கையில் பிடித்தபடி எங்கள் தலைமாட்டில் வந்து நின்றார். அந்த மனுசனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "மதாம்? சுகமா? அப்போ... நான் இதைக் கொண்டுபோகலாமா?"

அம்மா முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினார். இத்தனை வருஷத்தில் அம்மா பழகின பிரெஞ்சு முழுவதும் தெப்பனர் கடைக் கதவில் தொங்குகிற சொற்கள்தான். அதில் ஒன்றை எடுத்தார்.

"ஃபெர்மே" என்றார். கடை பூட்டியாச்சு.

காஸ்தோன் போர்வையை மடித்தார்.

"ரெஜான் மிசியேயைக் கொஞ்ச நாளைக்கு வைச்சிருக்கச் சொல்லு" என்றார் அம்மா என்னிடம். "தொண்டை அடைச்சா அடைக்கட்டும். நீ அந்த லைசன்ஸ் சோதனைக்குப் பேர் குடு."

"அம்மா, அது முழுக்கப் பிரெஞ்சில. எழுதவேணும். புத்தகமே இவ்வளவு மொத்தம்."

"உன்ர அண்ணை எழுதேல்லையே?"

"நான் எட்டாம் வகுப்பு அம்மா."

அம்மா திரும்பவும் கன்னத்தை மண்ணில் வைத்துக்கொண்டார்.

"அவன் ஏழு" என்றார்.